மேஸ்திரி கேட்ட சம்பள உயர்வு

லண்டனில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஜோசப் பிராமாவுக்குத் தயக்கம். வந்து நிற்பவனுக்கு வயது 18. ஏழு வருஷம் ஒரு முதலாளியிடம் கட்டுப்பட்டுத் தொழில் பழகியவனைத்தான் அன்றைய லண்டன் பட்டறைகள் மதித்தன. இவனோ 12 வயதில் வூலிச் ஆயுதக் கிடங்கில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போனவன். தச்சு, கொல்லுவேலை எல்லாம் அங்கேயே கைப்பழக்கத்தில் வந்தவை.

ஹென்றி மாட்ஸ்லே என்ற அந்தப் பையன் பட்டறையில் தேய்ந்து கிடந்த வைஸ் ஒன்றைக் காட்டினான். ஆறு மணிக்குள் இதைப் புதுசு போல ஆக்கித் தந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? எஃகு வாயை எடுத்துச் சீர் செய்து, அரத்தால் பல் வெட்டி, பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி பொருத்தித் துடைத்து வைத்தபோது ஆறு அடிக்கவில்லை. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி வைத்த கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனால் சான்றிதழைப் புரட்டாமல் கையைப் பார்த்து ஆள் எடுத்தவர் என்பதற்காகவே பிராமாவை எனக்குப் பிடிக்கும்.

அது 1789. சீக்கிரமே மாட்ஸ்லே மேஸ்திரி ஆகிவிட்டார். பிராமா தன் கடை ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி என்று சவால் எழுதி வைத்த பூட்டு இவர் கைவேலை. அது 1851 வரை யாருக்கும் மசியவில்லை.

1797-இல் மேஸ்திரிக்குக் குடும்பம் பெருகியிருந்தது, சம்பளம் வாரம் 30 ஷில்லிங். கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னார். பிராமா முகத்திலடித்தாற்போல மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியேறி, வெல்ஸ் தெருவில் சின்னதாகப் பட்டறை போட்டார். முதல் ஆர்டர், ஓவியர் ஒருவரின் படச்சட்டத் தாங்கிக்கு இரும்பு வேலை!

பெரிய ஆர்டர் பொறியாளர் மார்க் புரூனலிடமிருந்து வந்தது. பாய்மரக் கப்பலின் கயிறுகளுக்கு வேண்டிய மரக் கப்பிகளைச் செய்ய, போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்கு 40-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள். 110 தேர்ந்த ஆட்களின் வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் பார்த்தார்கள். இத்தனை துல்லியத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய லேத். உளியைக் கையால் அழுத்திப் பிடிக்காமல் சறுக்கு மேடையில் பூட்டி நகர்த்துவது அவருக்கு முன்பே இருந்த யோசனைதான். அதை முழுக்க இரும்பில், மரை வெட்டும் அளவுக்குச் சுத்தமாக்கி நிலைநிறுத்தியவர் அவர். நம்மூர் கடைசல் பட்டறை லேத்திலும் அந்த ஏற்பாடுதான் ஓடுகிறது.

முதலாளியான பிறகும் அவர் அரத்தை விடவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அளவுக் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். நாட்டின் தலைமை நீதிபதி ஸ்தானத்தில் இருந்த 'லார்ட் சான்சலர்' பதவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். அளவில் தகராறு வந்தால் தீர்ப்பு அந்தக் கருவியுடையது. முதலாளி வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. திறமைக்கு இடம் இருந்தது: வரைபடக்காரராக வந்த ஜோஷுவா ஃபீல்டு, பிறகு பங்குதாரராகிக் கம்பெனிப் பெயரிலேயே ஏறினார்.

ராபர்ட்ஸ், கிளமென்ட், விட்வொர்த் என்று அங்கே வேலை பார்த்துவிட்டுப் போய்த் தனிப் பட்டறை போட்டவர்கள் வரிசை நீளமானது. கடைசியாக வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நாஸ்மித். 1829-இல், தான் செய்த சிறு நீராவி இயந்திரத்தையும் வரைபடங்களையும் தூக்கிக்கொண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தார். பயிற்சியாளர்களே வேண்டாம் என்றிருந்த மாட்ஸ்லே, இவரைத் தன் சொந்த வேலை அறையிலேயே உதவியாளாக வைத்துக்கொண்டார். சம்பளம் வாரம் 10 ஷில்லிங். அதற்குள் வாழ்க்கையை ஓட்ட, விளக்குச் சூட்டில் வேகும் சமையல் பாத்திரம் ஒன்றைத் தானே வடிவமைத்து வைத்துக்கொண்டார் நாஸ்மித். காலையில் விளக்கை ஏற்றிவிட்டுப் போனால், சாயங்காலம் கறி பதமாக வெந்திருக்கும்.

ஒரு வருஷம் முடிந்ததும் சம்பளம் 15 ஷில்லிங் ஆனது. அதன் பிறகுதான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தொடங்கினேன் என்று வயதான காலத்தில் நினைவுகூர்கிறார் நாஸ்மித்.