பர்வதமலை யாத்திரை: ஏறுவோருக்கும் அடிவாரத்தில் தொழுவோருக்கும்

பத்துப்பாட்டின் இறுதி நூல் ‘மலைபடுகடாம்’. 583 அடிகளைக் கொண்ட இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மா எனப்பட்ட இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி கூறுவதாக அமைந்தது இது. பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் வாழும் குழிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண் கற்கள் என வழியில் உள்ள இடர்களையெல்லாம் புலவர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். வழி தவறினால் என்ன செய்வது, இரவில் எங்கே தங்குவது என்பதையும் சொல்கிறார். மலைப் பயணத்துக்குத் திட்டமிடும் முறையைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இந்நூலே சான்று.

அந்நூல் பாடும் நவிர மலையே இன்றைய பர்வதமலை என்பர் அறிஞர். அங்கு உறையும் சிவபெருமானை நஞ்சுண்டவர் என்னும் பொருளில் ‘காரியுண்டிக் கடவுள்’ என்று போற்றுகிறார் புலவர். மலையைச் சூழ்ந்த சேயாற்றங்கரை ஊர்களில் ஈசன் இன்றும் கறைக்கண்டேஸ்வரர் என்றே வழங்கப்படுகிறார். நஞ்சின் கறை படிந்த கண்டத்தை உடையவர் என்பதே இப்பெயரின் பொருள். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை.

உச்சியில் உறையும் மல்லிகார்ஜுனர்

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம் வட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டித் தனித்து நிற்கிறது பர்வதமலை. உயரம் சுமார் 4,560 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றான ஸ்ரீசைலத்தில் விளங்கும் அம்மையப்பரின் திருப்பெயர்களும் இவையே. பக்தர்கள் தம் கைகளாலேயே இறைவனைப் பூஜித்து வழிபடும் வழக்கம் இத்தலத்தின் தனிச்சிறப்பு. பௌர்ணமி நாள்களில் கூட்டம் பெருகும்.

தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழியும், கடலாடியிலிருந்து மற்றொரு வழியும் மலைமீது செல்கின்றன. முதல் வழியில் அடிவாரத்து வீரபத்திரர் சந்நிதியில் வணங்கிப் புறப்படுவது மரபு. தொடக்கத்தில் படிகள் உள்ளன. பிறகு கரடுமுரடான கற்பாதை. உச்சியை நெருங்கும்போது பாறை செங்குத்தாக நிமிர்கிறது. அங்கே பாறையில் அடித்த கடப்பாறைகளையும் இரும்புச் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். ஏணிப்படிகளும் உண்டு. நல்ல உடல்வலிமை உள்ளவர்களுக்கே ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

யார் ஏறலாம்?

மூத்த பக்தர்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இது. இதய நோய், மூச்சிரைப்பு, தலைசுற்றல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மலையேறுவதைத் தவிர்ப்பதே முறை. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே முடிவெடுக்க வேண்டும். ‘ஈசன் பார்த்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கை உயர்ந்ததுதான். எனினும் பாதி வழியில் ஒருவர் தளர்ந்து விழுந்தால், அவரைச் சுமந்து இறங்கும் பாரம் உடன் வந்தோருடையதாகிவிடும்.

ஏற இயலாதவர்களுக்கு அருள் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. மலையே சிவவடிவம் என்பது அன்பர்களின் நம்பிக்கை. மார்கழி முதல் நாளில் கோயில்மாதிமங்கலம் கறைக்கண்டேஸ்வரர் அம்பாளுடன் புறப்பட்டுப் பர்வதமலையைக் கிரிவலம் வருகிறார். இருபது கிலோமீட்டருக்கும் நீண்ட இந்த வலத்தில், இறைவனே மலை ஏறாமல் மலையைச் சுற்றி வருகிறார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவர் வீதி வழியே வரும்போது ஊர்களில் நின்று தரிசித்தாலும் போதும். குடும்பத்தின் இளையவர்கள் உச்சிக்குச் சென்று வழிபட, பெரியவர்கள் அடிவாரக் கோயிலில் அமர்ந்து அவர்களுக்காக ஐந்தெழுத்தை ஜபித்திருக்கலாம்.

படைவீட்டில் அருளும் அன்னை

மறுநாளை ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படைவீட்டுக்கு ஒதுக்கலாம். சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. ஜமதக்னி முனிவரின் பத்தினியும் பரசுராமரின் அன்னையுமான ரேணுகாதேவி இங்கே ரேணுகாம்பாளாகச் சிரசு வடிவில் அருள்கிறாள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் இங்கு திரளும் கூட்டம் பெரிது. இவ்வூரின் யோகராமர் கோயிலும் காணத்தக்கது. இங்கே இராமபிரான் வில்லும் அம்புமின்றிச் சின்முத்திரையுடன் அமர்ந்திருக்க, அனுமன் சுவடியைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஏற முடியாத ஏக்கத்துடன் வந்தவர்களுக்கு இச்சந்நிதியின் அமைதி ஆறுதல் தரும்.

பயணத் திட்டம்: கவனத்தில் கொள்ள வேண்டியவை

காலம்: தை, மாசி மாதங்கள் உகந்தவை. கோடையில் பாறை சுடும். மழைக்காலத்தில் ஓடைகளில் திடீரென வெள்ளம் வருவதுண்டு. மழை அறிகுறி தெரிந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். வழுக்குப் பாறை குறித்துப் பெருங்கௌசிகனார் தந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

அனுமதி: மலைப்பகுதி வனத்துறையின் கண்காணிப்பில் உள்ளது. மலையேறும் நேரத்தையும் கட்டுப்பாடுகளையும் புறப்படுமுன் விசாரித்து அறிக. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, இருட்டுமுன் இறங்கிவிடும்படி திட்டமிடுவது நல்லது.

உடன் கொண்டுசெல்ல: போதிய குடிநீர், எளிய உணவு, வழக்கமான மருந்துகள், கைத்தடி, டார்ச் விளக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் சங்கிலியைப் பற்ற இரு கைகளும் ஓய்வாக இருக்கும். குரங்குகள் உண்டு, தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் செல்ல வேண்டாம். நெகிழிக் குப்பைகளை மலையில் விட்டு வருவது இறைவனின் இருப்பிடத்தை மாசுபடுத்துவதாகும்.

துணை: எவரும் தனியே ஏற வேண்டாம். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, மற்றவர்கள் அவரைத் தொடர்ந்து செல்லட்டும்.

வழி: திருவண்ணாமலையிலிருந்து தென்மாதிமங்கலம் சுமார் 30 கிலோமீட்டர். போளூர் வழியாகவும் வரலாம். படைவீட்டுக்குப் போளூரிலிருந்து சந்தவாசல் வழியாகச் செல்ல வேண்டும். இரவு தங்குவதற்குத் திருவண்ணாமலை வசதியானது. அருணாசலேஸ்வரரையும் தரிசித்து யாத்திரையை நிறைவு செய்யலாம்.