தாதி ‘நிறுத்துங்கள்’ என்றால் மருத்துவரும் நிற்க வேண்டும்: மருத்துவமனைத் தர மேம்பாடு

மருத்துவமனையில் தவறு நேர்ந்தால், ‘யார் செய்தது?’ என்பதே முதலில் எழும் கேள்வி. தர மேம்பாட்டு முறையோ, ‘வேலை நடக்கும் விதத்தில் எங்கே குறை?’ என்று கேட்கிறது. மலேசிய சுகாதார அமைச்சு 1985ஆம் ஆண்டிலேயே தர உறுதித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது.

இம்முறையில் நான்கு படிகள் உள்ளன: திட்டமிடுதல், சிறிய அளவில் செய்து பார்த்தல், விளைவை ஆராய்தல், அதற்கேற்ப மாற்றிச் செயல்படுதல். முதலில் ஒரே வார்டில் சோதிப்பார்கள். பலன் தெரிந்த பிறகே மற்ற வார்டுகளுக்குக் கொண்டு செல்வார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இதற்கு நல்ல சான்று. அங்கு 2003இல், நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒரு திட்டத்தில் இணைந்தன. பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் டியூப் வழியாகக் கிருமி பரவுவதைத் தடுப்பது நோக்கம். மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் ஐந்து விதிகளை முன்வைத்தனர்:

• கை கழுவுதல்
• முழுப் பாதுகாப்பு உடையும் மூடுதுணியும் பயன்படுத்துதல்
• குளோரெக்சிடினால் தோலைத் துடைத்தல்
• இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல்
• தேவையற்ற டியூப்பை அகற்றுதல்

இவை எதுவும் மருத்துவர்களுக்குத் தெரியாதவை அல்ல. வேலைப் பளுவில் ஏதேனும் ஒன்று விடுபட்டுப் போவதே சிக்கல். ஆகவே, விதி மீறப்பட்டால், அவசர நிலை தவிர, மருத்துவரையே தடுத்து நிறுத்தலாம் என்று முடிவானது. தொற்று எண்ணிக்கையும் தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்டது. 18 மாதங்களில் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மூத்தவர் தவறினாலும் இளையவர் அச்சமின்றிச் சொல்லும் சூழலே தேவைப்பட்டது. பயிற்சிகளில் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் கற்க வேண்டிய பாடமும் அதுவே.