முழங்காலில் புதிய நார்

முழங்கால் மூட்டின் நடுவே, தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார்கள் இரண்டு உள. ஒன்றன் குறுக்கே மற்றொன்று செல்வதால் அவற்றைக் குறுக்கு நார்கள் என்பர். கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாதவாறு தடுப்பது முன் குறுக்கு நார். கபடியிலும் கால்பந்திலும் விரைந்து ஓடுகிறவர் திடீரெனத் திரும்பும்போது அறுபடுவது பெரும்பாலும் இதுவே. முற்றும் அறுந்தபின் இது தானே கூடுவது அரிது. ஆகவே நோயாளியின் உடலினின்றே ஒரு தசைநாணை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டுப் பொருத்துகின்றனர். பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஹே குரோவ்ஸ், தொடையின் புறத்தே உள்ள உறுதியான பட்டையினின்று எடுத்த கீற்றைக் கொண்டு இவ்வாறு செய்ததை 1917-இல் எழுதி வெளியிட்டார்.

அறுவை முடிந்த சில நாட்கள் மூட்டு வீங்கிச் சுடுகிறது. இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இரத்த நாளங்கள் விரிந்து, நீரும் வெள்ளணுக்களும் காயத்திடம் வந்து சேர்கின்றன. பழுதானதை அகற்றுவதும் புதிய திசுவைத் தோற்றுவிப்பதும் இவ்வழற்சியிலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் வீக்கம் நீடித்தல் நன்றன்று. மூட்டில் நீர் தேங்கினால் தொடையின் முன்தசை, காயம் ஏதும் படாமலே, சோர்ந்து விடுகிறது. மூட்டினுள் திரவத்தைச் செலுத்தி இவ்வுண்மையைக் காட்டிய ஆய்வு 1965-இல் வெளிவந்தது. ‘காலை நீட்டு’ என்றால் நோயாளியால் இயலாமற் போவது சோம்பலால் அன்று. நரம்புகளே தசையைத் தடுக்கின்றன.

இனி வியப்பான செய்தியைக் கூறுவோம். பொருத்தப்பட்ட தசைநாணுக்கு முதலில் இரத்த ஓட்டமே இல்லை. அதிலுள்ள உயிரணுக்களிற் பெரும்பாலானவை மடிகின்றன. எஞ்சுவது சாரம் போன்ற இழைக்கட்டே. மூட்டின் உட்சவ்விலிருந்தும் முழங்காற்சில்லின் கீழுள்ள கொழுப்புத் திசுவிலிருந்தும் மெல்லிய நாளங்கள் அதன்மேற் படர்ந்து, புதிய அணுக்களைக் கொணர்கின்றன. அவை பழைய இழைகளைக் கரைத்துப் புதியன நெய்கின்றன. 1986-இல் வெளியான முயல் ஆய்வொன்றில், ஏறத்தாழ 30 வாரங்களில் அத்தசைநாண் குறுக்கு நாரின் இயல்பைப் பெரிதும் அடைந்திருக்கக் கண்டனர். மனிதரிடம் இம்மாற்றம் மெதுவாக, ஓராண்டுக்கு மேலும் நிகழ்கிறது.

பழைய இழை கரைந்து புதியது முதிராத இடைக்காலத்திலேதான் நார் மிக நலிந்திருக்கிறது. விலங்குகளில் இது ஆறாவது, எட்டாவது வாரத்தை ஒட்டி வருகிறது. மனிதருக்கும் வலியும் வீக்கமும் அடங்கி, ‘குணமாகிவிட்டது’ என்று தோன்றும் காலம் ஏறத்தாழ இதுவே. அந்தோ, உடல் தரும் நற்சான்று இங்கே நம்பத்தக்கதன்று. நார்வே, அமெரிக்க நாட்டு நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான முடிவின்படி, விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரையில் ஒத்திவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதைக் கேட்டுக் காலை அசையாது வைத்திருத்தலும் தவறு. அழற்சி அடங்காமல் தழும்புத் திசு மிகுந்து வளர்ந்தால் மூட்டு இறுகிப் போகும். சிலருக்கு நாரின் முன்புறம் சிறு கட்டி போலத் திரண்டு, கால் முழுதும் நிமிராமற் செய்யும். மருத்துவர் வகுத்த பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்வதன் காரணம் இதுவே.

வீக்கம் நாளுக்கு நாள் குறையாமற் பெருகினாலும், காய்ச்சலோ புண்ணில் நீர்க்கசிவோ தோன்றினாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.