ஒரு மாட்டைக்கூட விட்டுவிடாதீர்கள்: கோமாரி ஒழிப்புக்கு ஆறு மாதத் தடுப்பூசி

டெல்லியில் எடுத்த முடிவு

2019 மே 31 அன்று டெல்லியில் கூடிய மத்திய அமைச்சரவை, 13,343 கோடி ரூபாயில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கோமாரி, சினை மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் கன்று வீச்சு ஆகிய இரு நோய்களையும் 2030-க்குள் ஒழிப்பதே நோக்கம். தடுப்பூசி இலவசம். ஊசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை மாட்டப்படும்.

நம்மால் முடியும்

மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயை ஒழித்த நாடு இது. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு பகுதியில். 2011-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டது.

கோமாரி ஏன் கடினம்?

வெக்கை நோய்க்குப் போட்ட ஊசி பல்லாண்டு காத்தது. கோமாரித் தடுப்பூசியின் பலனோ சில மாதங்களில் குறைந்துவிடும். இந்தியாவில் ஓ, ஏ, ஏசியா-1 என மூன்று வகை வைரஸ்கள் உள்ளன. ஒன்றுக்கான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுக்காது. அதனால்தான் மூன்றையும் சேர்த்த ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். ஒரு சுற்றைத் தவறவிட்டால் நோய்க்கு வழி திறந்துவிடும்.

கோமாரியின் அறிகுறிகள்

கடும் காய்ச்சல், நூல்போல் வழியும் எச்சில், நாக்கிலும் ஈறிலும் மடியிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், நொண்டல். பால் சட்டென வற்றும். இளங்கன்றுகள் இதயம் பாதித்து இறக்கும்.

மனிதருக்கு எது ஆபத்து?

கன்று வீச்சு நோய் மனிதரையும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். காய்ச்சாத பாலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதும் முக்கியக் காரணங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

• நான்கு மாதம் நிரம்பிய கன்றுக்கு முதல் கோமாரி ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று.
• கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கன்று வீச்சு ஊசி. வாழ்நாளில் ஒருமுறை போதும்.
• நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுங்கள். பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள், சந்தைக்கு ஓட்டாதீர்கள்.
• கன்று வீசினால் கையுறை அணிந்து, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.
• பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

ஊசி போட்டால் பால் குறையும் என்று அஞ்சிச் சிலர் மாட்டை மறைக்கிறார்கள். குறைந்தாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கோமாரி வந்தால் அந்த ஈற்றின் பால் வருமானமே போய்விடும். பக்கத்து வீட்டுத் தொழுவமும் தப்பாது. அடுத்த முகாம் தேதியை இன்றே கால்நடை மருந்தகத்தில் கேட்டறியுங்கள்.