துரை பங்களா விளக்கில் துளை போட்டது யார்?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று தங்கும் விடுதியாகியிருக்கிறது. வரவேற்பு மேசையில் இளம்பச்சைக் கண்ணாடிக் குடுவையோடு ஒரு விளக்கு. “பெல்ஜியம் பீஸ் சார், நூறு வருஷத்துக்கு மேல” என்றார் மேலாளர். மேலே எல்.இ.டி. பல்பு எரிந்துகொண்டிருந்தது. அனுமதி கேட்டுத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து கறுப்பு ஒயர். துளையின் ஓரத்தில் தொடங்கிய விரிசல், தலைமுடி கனத்தில், குடுவையின் பாதி உயரம் வரை ஏறியிருந்தது.

கோடை விழா இதழுக்கு ‘மலை பங்களாக்களின் பழம்பொருட்கள்’ பற்றி எழுதத்தான் போயிருந்தேன். கடிகாரங்களையும் சாய்வு நாற்காலிகளையும் பார்த்தேன். ஆனால் அந்தத் துளையைப் பார்த்த பிறகு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளக்கின் கதை அதற்குப் பிந்தியது. 1859-ல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். 1862-ல் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தது. பிறகு மரப்பெட்டிக்கு இரண்டு டின் வீதம் அமெரிக்க மண்ணெண்ணெய் கப்பலில் வந்து இறங்கியது. எண்ணெய் வந்த இடத்துக்கெல்லாம் அதை எரிக்கும் கண்ணாடி விளக்குகளும் வந்தன. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று பல நாட்டுச் சரக்கு. நம் ஊரில் பழைய கண்ணாடி என்றாலே ‘பெல்ஜியம்’ என்று சொல்லிவிடும் பழக்கத்தில் இந்த வேறுபாடெல்லாம் மறைந்துபோனது.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. குடுவையின் வாயில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். பர்னரைத் திருகி மாட்டுவது அதில்தான். அமெரிக்க வளையங்களுக்குத் திட்ட அளவு உண்டு: முதல் எண் ⅞ அங்குலம், இரண்டாம் எண் 1¼ அங்குலம். விடுதி விளக்கின் வளையத்தில் ஸ்கேலை வைத்தேன். சரியாக 1¼. வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டர் தெரிந்தது. பழைய அமெரிக்க விளக்குகளில் வளையத்தை அப்படித்தான் ஒட்டினார்கள். குடுவையின் பக்கவாட்டில் அச்சில் அழுத்திய தழும்புக் கோடுகளும் விரலுக்குத் தட்டுப்பட்டன. கல்லாவில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருந்த புற ஊதா டார்ச்சை வாங்கி அடித்தேன். கண்ணாடி பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனியம் கலந்த கண்ணாடி. (இதை மட்டும் வைத்துப் பழசு என்று முடிவு கட்டக் கூடாது, இன்றும் அப்படிக் கண்ணாடி செய்கிறார்கள்.) அடியில் இருந்த தேய்மானக் கீறல்கள் நாலாபுறமும் ஓடின, ஆழமும் ஒன்றுபோல் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் ‘பழசாக்கிய’ அடியில் கீறல்கள் ஒரே வாக்கில் சுற்றும்.

கீறல்கள் பழசு என்றன; வளையமும் பிளாஸ்டரும் அமெரிக்கச் சரக்கு என்றே சொல்லின. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு? அதைச் சொல்ல வேண்டியது பர்னர். திரியை ஏற்றி இறக்கும் திருகின் சின்னச் சக்கரத்தில்தான் பல அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் பெயரையும் காப்புரிமைத் தேதியையும் பொறித்தன. ஷிகாகோவில் 1908-ல் தொடங்கிய கம்பெனியின் அலாடின் விளக்குகளில் மாடல் எண்ணே அந்தத் திருகில் இருக்கும். “பர்னர் எங்கே?” என்று கேட்டேன். “ஒயரிங் பண்ணும்போது கழட்டிட்டாங்க சார். பித்தளையோட போயிருக்கும்” என்றார்.

துளை போட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. டைல்ஸுக்குப் போடும் டிரில், தண்ணீர் விடாமல், அவசரமாக. அச்சில் அழுத்திய பழைய கண்ணாடிக்குள், ஆறும்போது தங்கிய இறுக்கம் இருக்கும். சூடேறினால் விரிசல் விடும், சில நேரம் மாதங்கள் கழித்துக்கூட. துளையே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அதே வளையத்தில் திருகிக்கொள்ளும் பல்பு ஹோல்டர்கள் அமெரிக்காவில் சாதாரணமாக விற்கின்றன; ஒயர் பக்கவாட்டில் வெளியே வரும். நம் லேத் பட்டறைக்காரர் ஒருவருக்கு அதைக் கடைந்து கொடுக்க அரைநாள் போதும். அட்டத்தில் தூசி படிந்து கிடப்பதைவிடத் துளை போட்டாவது எரியட்டும் என்கிறார்கள் விடுதிக்காரர்கள். எரியட்டும், அதற்குத் துளை எதற்கு?

பழைய விளக்கு சேகரிக்க வருகிறவர்களில் பலர் கேட்பது ‘டிஃபனி இருக்கா?’ என்றுதான். வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் செப்புத் தகடு சுற்றி ஈயம் பற்றவைத்து நியூயார்க்கில் செய்த அந்த ஷேடுகள் பெருஞ்செல்வர்கள் ஏலம் கேட்கும் பொருள். இங்கே அந்தப் பெயரில் கண்ணில் படுபவை அந்தப் பாணியில் பின்னாளில் செய்தவை. டிஃபனி முத்திரையை யாரும் குத்திவிடலாம். அதைத் தேடி அலைகிறவர்கள், காலடியில் இருக்கும் எளிய எண்ணெய் விளக்குகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. டிரில் போடுகிறவரைத் தடுக்கத்தான் ஆளில்லை.

மறுநாள் மஞ்சக்குட்டை பக்கம், எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவருடைய அப்பா துரை பங்களாவில் பட்லர். பழைய வேட்டியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்திருந்த விளக்கை எடுத்து வந்தார். “அமெரிக்கா விளக்குன்னுதான் அப்பா சொல்லுவாரு தம்பி.”

பர்னரைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இரண்டு பட்டைத் திரி, இரண்டு திருகு. பல்பை ஹோல்டரில் மாட்டுவதுபோல அழுத்தித் திருப்பும் மாட்டல். 1865-ல் பர்மிங்காமில் பிறந்த இரட்டைத் திரி அமைப்பு. இங்கிலாந்து விளக்கு. அமெரிக்கா என்ற பெயர் உள்ளே ஊற்றிய எண்ணெயால் வந்திருக்க வேண்டும். சொன்னேன். சிரித்தார். “எந்த ஊரா இருந்தா என்னங்க, கண்ணாடி ஒடையாம இருக்குதில்ல.”

சிம்னியை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு கீறல் இல்லை. சாம்பலும் துணியும் போட்டு அப்பா துடைக்கும் முறையைச் செய்து காட்டினார். “திரிதான் தீந்துபோச்சு. மெட்ராஸ்ல இந்த அகலத்துக்குக் கெடைக்குமா தம்பி?”

நூல் வைத்து அகலம் அளந்து, முடிச்சுப் போட்டு, பர்ஸில் கொண்டுவந்தேன். பாரிமுனையில் நாலு கடை ஏறியாயிற்று. ஸ்டவ் திரி இருக்கிறது. அந்த முடிச்சுக்குப் பொருந்துவது இன்னும் கிடைக்கவில்லை.