அரைமணி நேரக் காத்திருப்பு

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் உணவுவேளை எவ்வாறு நடைபெறும் என்பதை நம்மில் பலர் அறிவோம். சாதாரண இன்சுலின் ஊசி போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். முன்னரே உண்டால் சர்க்கரை ஏறும். மிகத் தாமதித்தால் மயக்கம் வரும். இக்காத்திருப்பு ஏன்?

1921-ஆம் ஆண்டில் கனடாவின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். மரணப் படுக்கையில் கிடந்த சிறுவர் எழுந்து அமர்ந்தனர். ஆயினும் அம்மருந்தின் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை எவரும் அறியார். 1934-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், பின்னாளில் டோரத்தி ஹாட்ஜ்கின் எனப் புகழ்பெற்ற 24 வயதுப் பெண்மணியிடம் இன்சுலின் படிகங்கள் சில வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் மூட்டுவாதம் அவர் கைகளைப் பற்றியது.

மருத்துவமனையில் எலும்பைப் படம்பிடிக்கும் அதே எக்ஸ்-கதிரைத்தான் அவர் பயன்படுத்தினார். ஆனால் இங்கே நிழல் விழுவதில்லை. படிகத்துள் புகும் கதிர், ஒழுங்காய் அடுக்கிய அணுக்களால் சிதறி, படத்தகட்டில் புள்ளிகளாய்ப் பதிகிறது. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். புள்ளிகளை மட்டும் தந்து கோலத்தை வரையச் சொல்வது போன்ற வேலை! இடையே பெனிசிலின், பி12 வைட்டமின் ஆகியவற்றின் அமைப்பைக் கண்டு, 1964-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்சுலினோ 1969 வரை பிடிகொடுக்கவில்லை. அதை வென்ற குழுவில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார், பிற்பாடு பெங்களூரில் இத்துறையை வளர்த்தவர் இவரே.

கண்டது என்ன? படிகத்தில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள், இரண்டு துத்தநாக அணுக்களைச் சூழ்ந்து ஒன்றாய்க் கூடி நிற்கின்றன. கண்ணுக்கெட்டாத பொருளிலும் படைத்தவர் வைத்த ஒழுங்கை எண்ணி நாம் வியக்கிறோம். மருந்துப் புட்டியிலும் அவை அவ்வாறே கூடியிருக்கின்றன. தோலுக்கடியில் சென்று ஒவ்வொன்றாய்ப் பிரிந்த பின்னரே விரைந்து இரத்தத்தில் கலக்க இயலும். காத்திருப்பின் காரணம் இதுவே.

எந்த இடத்தில் ஒன்றையொன்று பற்றுகின்றன என்பது தெரிந்தபின், அப்பிடியைத் தளர்த்த வழி பிறந்தது. இன்சுலினின் நீண்ட சங்கிலியில் 28, 29-ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றினர். எளிதில் பிரியும் இந்த ‘லிஸ்ப்ரோ’ இன்சுலினுக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்டு கால்மணிக்குள் உணவருந்தலாம். 1994-இல் மறைந்த ஹாட்ஜ்கின் அம்மையார் அதைக் காணவில்லை.

புதிய வகையின் விலை அதிகம். பழைய வகையும் நல்ல மருந்தே. பிறர் சொல் கேட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது ஆபத்து. ஊசியின் வகையையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடமே கேட்டறிந்து, வீட்டில் ஊசி போடுபவரும் சமைப்பவரும் காணுமாறு எழுதி வைத்துக்கொள்வது நலம்.