நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் எடுக்க வேண்டிய படங்கள்

கல்யாணத்துக்குப் பணம் கொடுத்து அமர்த்திய புகைப்படக்காரருக்கு வேலை முழுவதும் மேடையில்தான். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, வரவேற்பில் வரிசையாக ஏறி இறங்கும் ஒவ்வொரு குடும்பத்தோடும் மணமக்கள் நிற்பது என்று இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஆல்பம் கைக்கு வரும்போது கேள்வி எழும். அதனால் அவர் அங்கிருந்து நகர மாட்டார். நண்பராகப் போகும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மாப்பிள்ளையின் பெரியப்பா யார், பெண்ணைத் தூக்கி வளர்த்த அத்தை யார், யார் பேச ஆரம்பித்தால் அந்த வரிசையே சிரிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீங்கள் எடுக்க வேண்டிய படங்களும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வரும்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன் பல கல்யாணங்களில் ஓர் இடைவெளி விழும். கூறைப் புடவையைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்கி, பெண்ணை உடை மாற்ற அழைத்துப் போவார்கள். மேடை காலியாகிவிடும், வீடியோ விளக்கை அணைத்துவிட்டு ஸ்டுடியோ ஆட்கள் காபி குடிக்கப் போவார்கள். அதே நேரத்தில் தாலித் தட்டு சபைக்குள் இறங்கும். தேங்காயின் மேல் மஞ்சள் சரடு சுற்றிய தாலி, சுற்றிலும் அட்சதை. அது ஒவ்வொரு வரிசையாக வரும்போது பெரியவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், குழந்தையின் கையைப் பிடித்துத் தொடவைப்பார்கள். தொட்ட கையோடு தட்டிலிருந்து ஒரு பிடி அட்சதையும் எடுத்துக்கொள்வார்கள். தட்டு உங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே போனைத் தயாராக வைத்திருங்கள். தட்டின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி, வரும் கைகளை மட்டும் எடுங்கள். மேடையில் இருப்பவருக்கு இந்தப் படம் எட்டாது.

தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு ஓடாதீர்கள். மணமக்களைச் சுற்றி நாத்தனாரும் தாய்மாமனும் பெற்றோரும் நெருக்கி நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு கை போனைத் தூக்கினால், ஸ்டுடியோக்காரரின் படத்தில் தாலிக்கு முன்னால் உங்கள் முழங்கைதான் இருக்கும். நண்பர் காலமெல்லாம் பார்க்கப்போகும் படம் அது. நீங்கள் மேடைக்குப் பக்கவாட்டில், நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகப் போய் நில்லுங்கள். அய்யர் கையை உயர்த்துவதையே தவில்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டிமேளம் முழங்கியதும் சபையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், முன்வரிசையில் பாட்டி கண்ணைத் துடைப்பார், மேடை ஓரத்தில் நிற்கும் பெண்ணின் அப்பா யாரையும் பார்க்காமல் நிற்பார். சில விநாடிகளில் முடிந்துவிடும் என்பதால் பொத்தானை அழுத்தியபடி தொடர்ச்சியாக எடுத்து, பிறகு நல்லதைப் பொறுக்குங்கள். ஐபோனில் பொத்தானை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அழுத்திப் பிடித்தாலோ கீழே இழுத்தாலோ தொடர்ச்சியாக எடுக்கும். முந்தைய நாள் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதி அட்சதையை உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுத்து முடிந்ததும் போடலாம்.

இனி வெளிச்சம். மண்டபத்தில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரையோ பளிச்சென்ற அலங்காரமோ இருந்தால் போன் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகங்களைக் கறுக்க வைத்துவிடும். முகத்தின் மேல் விரலால் தொடுங்கள், கறுப்பு விலகும். பட்டுச் சரிகையும் நகையும் வெளுத்துப்போனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் கோடு பெரும்பாலும் மறையும்.

பிளாஷ் வேண்டாம். பத்தாவது வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் முதுகுக்குத்தான் வெளிச்சம் விழும். ஹோமப் புகை இருந்தால் படம் முழுக்க வெள்ளை மூட்டம் படியும். சில ஸ்டுடியோக்காரர்களின் குடை விளக்குகள் அடுத்தவர் கேமரா பிளாஷுக்கும் சேர்ந்து எரிந்துவிடும், மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் அவருக்கு ஒரு படம் போய்விடும். கேமரா கொண்டுபோகிறவர்களுக்கு விலை குறைந்த 50 எம்.எம். 1.8 லென்ஸ் ஒன்றே போதும், ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தைரியமாக ஏற்றலாம். போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னால் நடந்து போங்கள். சந்தனமும் எண்ணெயும் பட்ட கையால் தொட்டிருப்பீர்கள், லென்ஸை வேட்டி நுனியிலோ கைக்குட்டையிலோ அடிக்கடி துடையுங்கள்.

கல்யாணத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது வயதானவர்களின் படம். உள்ளூரில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் கேமரா முன் நிற்காத தாத்தா, பட்டுடுத்தி, தலைவாரி, உறவுகளோடு பேசிச் சிரிப்பது இந்த ஒரு நாளில்தான். பின்னாளில் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று பிள்ளைகள் தேடும்போது, குரூப் போட்டோவின் மூலையிலிருந்து கண் பாதி மூடிய ஒரு முகத்தை வெட்டி எடுக்கிறார்கள். விடிந்ததும் மண்டபத்து வாசலில், வாழைமரம் கட்டிய இடத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். அங்கே நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. பந்தியில் வாயில் கவளத்தோடு இருப்பவரை எடுப்பது மரியாதையில்லை. மணப்பெண் அறைக்குள் கேட்காமல் போகக் கூடாது. மொய் நோட்டின் பக்கம் போனைத் திருப்பாதீர்கள், யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அந்த வீட்டுக் கணக்கு. சர்ச் கல்யாணமானால் பீடத்தருகே போகலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிக்காஹ் நடக்கும் வீடுகள் பலவற்றில் பெண்கள் பகுதிக்குள் கேமராவுக்கு இடமில்லை.

மணமக்கள் தாங்களே ஒரு படம் போடும்வரை ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ நீங்கள் போட வேண்டாம். அனுப்பும்போது நூற்றுக்கணக்கில் கொட்டாமல் நல்லதாக முப்பது நாற்பது பொறுக்குங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், பிறகு பிரிண்ட் போட்டால் கலங்கித் தெரியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். தாத்தா பாட்டி படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு, மணமக்களை விருந்துக்கு அழைக்கும்போது கையில் கொடுத்துவிடுங்கள்.